நல்ல தண்ணீர் கேட்ட கார்

வத்தலக்குண்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. திண்டுக்கல்லிலிருந்து ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க யாருடைய டிபன் பையாவது நம் முதுகில் சாய்ந்திருக்கும், புத்தகத்தைப் பிரிக்க முடியாது. எங்கள் வீட்டு வாசலிலோ பதினான்கு வயதுக் கார் ஒன்று சும்மா நின்றது. அப்பா தினமும் காலையில் அதைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, உறுமலைக் கேட்டுத் திருப்தியாகி அணைத்துவிடுவார்.

அதை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். "ஞாயித்துக்கிழம வத்தலக்குண்டு போயிட்டு வா. மக்கர் பண்ணாம வந்துச்சுன்னா வண்டி ஒனக்கு. இல்லன்னா திங்கக்கிழம புரோக்கர வரச் சொல்லிருவேன்" என்றார். அவர் வரவில்லை. சாட்சியாக அத்தையை அனுப்பினார்.

அத்தை அப்பாவின் அக்கா. எங்களோடு இருக்கிறார். எங்கள் வீட்டின் தண்ணீர் இலாகா முழுக்க அவர் கையில். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்து வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. ஆழ்துளைப் போரில் வருவது உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, கெய்சர் கம்பியில் சுண்ணாம்பு அப்பிக்கொள்ளும். குழாயில் என்றைக்காவது வருவது நல்ல தண்ணீர். அது யாருக்கு என்பதை அத்தைதான் முடிவு செய்வார். வீட்டு ஆட்களுக்கு உண்டு, பருப்புக்கு உண்டு, துளசிச் செடிக்கு உண்டு. விருந்தாளிகளுக்கு, உறவின் நெருக்கத்தைப் பொறுத்து.

ஆகவே அன்று காலை ஐந்தரை மணிக்கு நான் காரை எடுக்கப் போனபோது, டிக்கியிலும் பின்சீட்டிலுமாக ஆறு காலிக் கேன்கள் ஏறியிருந்தன. ஒவ்வொன்றும் இருபது லிட்டர். வத்தலக்குண்டில் அத்தையின் நாத்தனார் வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர். "சும்மா போற வண்டிதானே" என்றார் அத்தை.

சும்மா போகவில்லை, என் வருங்காலமே போகிறது என்று சொல்ல நினைத்தேன். பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்தேன். எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் டப்பாவில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவே கச்சிதமாக நின்றது. விடிந்தும் விடியாத வெளிச்சம், வாசலில் வேப்பமர நிழல். நிறத்தைக் கவனிக்கவில்லை.

போகும்போது ஒரு குறையும் இல்லை. செம்பட்டியில் நிறுத்தி டீ குடித்தோம். வெப்ப முள் நடுவிலேயே இருந்தது. வத்தலக்குண்டில் நாத்தனார் வீட்டில் இட்லி, பிறகு பலகாரம், பிறகு வம்பு. கிணற்றிலிருந்து ஆறு கேன்களை நிரப்பி ஏற்றியபோது காரின் பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்தது. மணி பன்னிரண்டு. சித்திரை வெயில். அத்தைக்காக ஏசி.

இதுதான் ஒரு பழைய எஞ்சினுக்கு உண்மையான பரீட்சை: கனத்த சுமை, உச்சி வெயில், ஏசி. எட்டு கிலோமீட்டர் போனதும் முள் நடுக்கோட்டைத் தாண்டியது. முதலில் ஏசியை அணைத்தேன். முள் இன்னும் ஏறியது. எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்க ஹீட்டரை முழுதாகப் போடலாம் என்று காரோடு வந்த கையேட்டில் படித்திருக்கிறேன். (எங்கள் வீட்டில் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தவள் நான் ஒருத்திதான்.) போட்டேன்.

"ஏண்டி, என்னைய வேக வைக்கிறதுக்கா கூட்டிட்டு வந்த?"

"செத்த நேரம் பொறுங்க அத்தை. எஞ்சின் சூட்டைக் கொறைக்கிறேன்."

"அது சூட்ட எதுக்குடி எங்கிட்டத் தள்ளிவிடுற?"

முள் சிவப்பைத் தொடுவதற்குள் ஒரு புளியமர நிழலில் ஓரங்கட்டி அணைத்தேன். பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. அத்தை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்தேன். குக்கரில் வெயிட்டைப் பிடுங்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை, கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும் என்றேன். குக்கர் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்போதுதான் டப்பாவில் நிறத்தைப் பார்த்தேன். பச்சையாக இருக்க வேண்டியது, பழுப்பு நிறத்தில் கலங்கலாக இருந்தது. விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பு, எங்கள் கெய்சர் கம்பியில் இருப்பது போலவே.

"அத்தை, இதுல யாரு என்ன ஊத்துனது?"

அத்தை ரோட்டைப் பார்த்தார். "பாசி புடிச்சுக் கெடந்துச்சுடி. பச்சப்பசேல்னு. உங்கப்பனுக்குக் கண்ணே தெரியாது. நாந்தான் வாராவாரம் வெள்ளிக்கிழமை தொட்டி கழுவுறப்ப இதையும் கழுவிக் கழுவி ஊத்துனேன். கோடு வரைக்கும் சரியா ஊத்திருக்கேன், பாரு."

"எந்தத் தண்ணி?"

"வண்டிக்கு யாருடி நல்ல தண்ணி குடுப்பா?"

எத்தனை வெள்ளிக்கிழமை என்று நான் கேட்கவில்லை. நடந்தது இதுதான்: எஞ்சின் சூடாகும்போது உள்ளே இருக்கும் கூலன்ட் விரிந்து டப்பாவுக்கு வரும், ஆறும்போது திரும்ப உள்ளே போகும். ஒவ்வொரு வாரமும் வெளியே வந்த பச்சையை அத்தை கொட்டினார். அவர் ஊற்றிய உப்புத் தண்ணீரை எஞ்சின் குடித்தது. தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமலும், உள்ளே துரு ஏறாமலும் காப்பது அந்தப் பச்சைதான். அது போனபின் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பு படிந்துவிட்டது.

ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகும் டெம்போ ஒன்று நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங் அம்மிணி, ரேடியேட்டர்ல ஒரு கைப்பிடி மஞ்சத்தூளு போடுங்க. ஓட்டைய அடைச்சுக்குமுங்க."

"ஓட்டை இல்லைங்க அண்ணா."

"இருந்தா அடைச்சுக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அரை மணி நேரம் ஆறவிட்டோம். துணியைப் போட்டு மூடியை மெல்லத் திறந்தேன். உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. எங்களிடம் நூற்றிருபது லிட்டர் நல்ல தண்ணீர் இருந்தது. அத்தை பின்கதவில் சாய்ந்து நின்றார்.

"அது பருப்பு வேகுற தண்ணி. தொடாத."

"அப்ப அப்பாவுக்குத்தான் போன் பண்ணணும். நாளைக்கு வண்டி போயிரும். நான் பஸ்ல தொங்கிட்டுப் போறேன்."

"போ. ஊரே தொங்கிட்டுத்தான் போகுது."

"வண்டி போனா, இனி இங்க வந்து தண்ணி எடுக்கவும் பஸ்ஸுதான் அத்தை. ஆறு கேனோட."

அத்தை ஆறு கேன்களையும் பார்த்தார். ரோட்டில் ஒரு பேருந்து படிக்கட்டு நிறைய ஆட்களோடு போனது. அதையும் பார்த்தார். பிறகு இருப்பதிலேயே சின்னதாகத் தெரிந்த கேனைத் தேடினார். எல்லாம் ஒரே அளவு. கடைசியில் ஒன்றின் மூடியைத் திருகி, "மெதுவா ஊத்து. சிந்துன, கொன்னுருவேன்" என்றார்.

எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். செம்பட்டி தாண்டி இன்னொரு முறை நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றினோம். ஏசி இல்லை, நாற்பதுக்கு மேல் வேகமில்லை. வீடு சேர்ந்தபோது மூன்றரை மணி.

அப்பா வாசலிலேயே நின்றார். காரைச் சுற்றி வந்தார். என்னிடம் கேட்கவில்லை. "அக்கா, வண்டி எப்பிடி?"

"வண்டிக்கென்ன, தங்கமா வந்துச்சு."

அப்பா கேன்களை இறக்கினார். ஒன்றைத் தூக்கியதும் கை லேசாகப் போயிற்று. "இதுல பாதியக் காணோம்?"

"தாகமா இருந்துச்சு. குடிச்சேன்."

"பத்து லிட்டரா?"

"வெளியில வந்து பாரு, வெயிலு எப்பிடி இருக்குன்னு."

வெளியிலேயே நின்ற அப்பா, அத்தையைப் பார்த்தார், இன்னும் சூடு பறக்கும் பானெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியவர் வாங்கிக்கொள்ளவில்லை. "மொதல்ல மெக்கானிக்கிட்ட விடு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, புதுக் கூலன்ட் ஊற்ற இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. பழைய கார் எடுத்துக்கொண்டு கோடையில் கிளம்புபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் கலக்காமலேயே ஊற்றும் கூலன்ட் வகையை வாங்கினால் தண்ணீர்த் தொல்லையே இல்லை. கலக்கும் வகை என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள். வேறு நிறத்துக்கு மாறுவதானால் பழையதை முழுக்கக் கழுவிய பிறகே மாறுங்கள். வழியில் ஆபத்துக்குச் சாதாரணத் தண்ணீர் ஊற்றலாம், ஊர் வந்ததும் மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள்.

மெக்கானிக் பச்சையா, ரோஸா என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, ரோஸ் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை அத்தை பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ரோஸ்மில்க்க எவடி இதுல ஊத்துனது?" என்று கேட்டார். ஆனால் கை வைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது டிக்கியில் அத்தை வைத்த ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது. திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். வண்டிக்கு ஐந்து லிட்டர். எங்கள் சித்தப்பா வந்தால்கூட அரை டம்ளர்தான் கிடைக்கும்.