ராகு காலத்தில் நின்றுபோன லினக்ஸ்

1. நோட்டில் இருப்பது

"9.7.1999. காலை 10.30. டாஸ் ஸ்கிரீன் ஹேங். எந்தக் கீயும் எடுக்கவில்லை. பவர் ஆஃப் செய்து ஆன். கர்னல் 2.0.36. ரேம் 16 எம்.பி. காரணம் தெரியவில்லை."

என் 192 பக்க நோட்டில் அன்றைய தேதியில் இருப்பது இவ்வளவுதான். இதே வாசகம் 16.7.1999, 23.7.1999 ஆகிய தேதிகளிலும் இருக்கிறது. "காரணம் தெரியவில்லை" என்ற வரி மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கிறது.

இடம், ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை ஆபீஸ். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் அங்கே கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துவந்தேன். நூல் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் பழைய டாஸ் ப்ரோகிராம் ஒன்று அங்கே இருந்தது. ஃப்ளாப்பியில் வரும் வைரஸ் மாதம் ஒரு முறை அதைப் படுக்கவைக்கும். லினக்ஸ் போட்டு, அதற்குள் எமுலேட்டர் மூலம் ஒரு போலி டாஸ் மெஷினை ஓட்டினால் வைரஸ் கிட்டே வராது என்று சொல்லி, ஜூன் கடைசியில் மாற்றிக் கொடுத்தவன் நான்தான்.

ஹேங் ஆனால் ஆபரேட்டர் ஜெரினா போன் செய்வார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா" என்பேன். மதியம் நேரில் போய்ப் பார்க்கும்போது மெஷின் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் முறை மேனேஜர் கூப்பிட்டார். தெலுங்கு வீட்டுக்காரர், கோபம் வந்தால் முதல் வார்த்தை வீட்டு மொழியில் வரும்.

"ஏமய்யா, வைரஸாவது மாசத்துக்கு ஒரு தடவ படுக்கவச்சுச்சு. உம்ம மருந்து வாரத்துக்கு ஒரு தடவ படுக்கவைக்குதே!"

என் நோட்டை வாங்கி, சுவரில் தொங்கிய நாட்காட்டியோடு ஒப்பிட்டார். தேதி எழுதுவதில் நான் கறார். கிழமை எழுதும் வழக்கம் அப்போது இல்லை.

"மூணுமே வெள்ளிக்கெழம. பத்தரைக்கு என்ன ஆரம்பிக்குது?"

"ராகு காலம் சார்."

"லினக்ஸுக்குத் தெரிஞ்சது உமக்குத் தெரியல. வார வெள்ளிக்கெழம தூத்துக்குடிக்கு லோடு போகுது. பத்தே முக்காலுக்குள்ள லேபிள் ஒட்டி லாரி கெளம்பணும். அன்னைக்கும் நின்னுச்சுன்னா பழைய டாஸப் போட்டுட்டு, நீரு சீவில்லிபுத்தூர்லயே இருந்துக்கிடும்."

2. தேடிய இடங்கள்

ரேமை மாற்றினேன். ஸ்வாப்பைக் கூட்டினேன். எமுலேட்டரின் கான்ஃபிக் ஃபைலில் புரிந்த வரிகளைத் திருத்தினேன். புரியாதவற்றையும் இரண்டு திருத்தினேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஏதாவது தானாக ஓடுகிறதா என்று கிரான் பட்டியலைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆலையில் மோட்டார் போடும்போது வோல்டேஜ் இறங்குகிறதா என்று ஒரு நாள் முழுக்க மீட்டரோடு உட்கார்ந்தேன். திங்கள் முதல் வியாழன் வரை மெஷின் தங்கமாக ஓடியது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

3. நான்காம் வெள்ளி

30.7.1999 காலை ஒன்பதரைக்கே போய் ஜெரினாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"அண்ணே, தள்ளி நில்லுங்க. நீங்க விடுற மூச்சுக்கு மெஷினு நிக்காட்டியும் நான் நின்னுருவேன்."

பத்து இருபதுக்கு மேனேஜர் கையில் வாட்சோடு வந்து உட்கார்ந்தார். பத்து இருபத்தைந்துக்கு அட்டெண்டர் சுப்பையா பூஜைத் தட்டோடு வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசல் நிலை, பீரோ, டெலிபோன் என்று வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டு கடைசியில் கம்ப்யூட்டருக்கு வந்தார்.

"செத்த எந்திரி தாயி."

ஜெரினா எழுந்தார். சுப்பையா குனிந்தார், நிமிர்ந்தார், தட்டோடு போனார். ஜெரினா உட்கார்ந்து தட்டினார்.

"நின்னுருச்சுண்ணே."

"பத்து முப்பது," என்றார் மேனேஜர். "சொன்னேனா இல்லையா?"

ஜெரினாவின் கை பவர் ஸ்விட்சுக்குப் போனது. பிடித்துக்கொண்டேன். கீபோர்டின் மேல் வரிசையில், வலது பக்கம், ஒரே ஒரு கீயில் சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் இருந்தன. ஸ்க்ரோல் லாக். அதன் சிறு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டாஸில் அந்தக் கீயை அமுக்கினால் ஒன்றும் ஆகாது. லினக்ஸ் கன்சோலில் அமுக்கினால் திரை அப்படியே நிற்கும். திரை நகராததால் உள்ளே இருந்த போலி மெஷினும் அதற்காகக் காத்து நிற்கும். மீண்டும் ஒரு முறை அமுக்கினால் போதும். அமுக்கினேன். ஜெரினா அதுவரை தட்டியதெல்லாம் திரையில் கொட்டியது. பிரிண்டர் கர்ரென்று லேபிள் தள்ள ஆரம்பித்தது.

சுப்பையாவைத் திரும்பக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, ஏன் இந்தக் கீயில வச்சீங்க?"

சுப்பையா விறைப்பாக நின்றார். "ஒரு வாரம் பாத்தேன் சார். இந்தப் பிள்ள அம்புட்டு கீயையும் தட்டுது, இது ஒண்ணத்தத் தொடல. இதுல வச்சா கையில ஒட்டாதுல்லா?"

"அமுக்கினீங்களா?"

"அமுக்காம பொட்டு எப்படி சார் நிக்கும்?"

"மத்தியானம் நான் வரும்போது ஒண்ணையும் காணோமே?"

"காஞ்சதும் நான்தான் தொடச்சிருவேண்ணே," என்றார் ஜெரினா.

மேனேஜருக்கு ஏமாற்றம். "அப்ப ராகு காலம் இல்லையா?"

"ராகு காலத்துக்கு முந்தியே முடிச்சிருவேன் சார். ஒரு நாளும் பிந்துனதில்ல," என்றார் சுப்பையா.

லாரி பத்து ஐம்பதுக்குக் கிளம்பியது. ஐந்து நிமிடத்தை மேனேஜர் மன்னித்தார். "பொட்டும் நிக்கக் கூடாது, மெஷினும் நிக்கக் கூடாது" என்பது அவர் உத்தரவு. கீமேப்பில் ஸ்க்ரோல் லாக்கைச் செயலிழக்கச் செய்தேன். சந்தனம் சி.பி.யூ. பெட்டியின் நெற்றிக்குப் போனது. என் வேலை நிலைத்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. மெஷின் நின்றால் அது என்ன செய்தது என்று மட்டும் எழுதாதீர்கள். அப்போது அறைக்குள் யார் வந்தார்கள் என்பதையும் எழுதுங்கள், கிழமையையும் போடுங்கள்.

சுப்பையா முன்பெல்லாம் பொட்டை எங்கே வைத்தார் என்பதைப் பிறகு விசாரித்தேன். மானிட்டரில்தான் வைப்பார் என்கிறார் ஜெரினா. லினக்ஸ் போட்ட அன்று நான்தான், "மானிட்டர்ல ஈரம் படக் கூடாது, வேற எங்கயாவது வைங்க" என்று அவரிடம் சொன்னேனாம். சுப்பையாவைக் கேட்டால், "ஞாபகம் இல்ல சார்" என்று நேரே பார்த்துச் சொல்கிறார். அன்றைய நோட்டில் கர்னல் எண், பார்ட்டிஷன் அளவு, மூன்று முறை டீ குடித்தது வரை எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு வாக்கியம் அதில் இல்லை. எனவே இது இன்றுவரை உறுதி செய்யப்படாத தகவல்.