அண்ணி வாங்கிய விமானம்

நாத்தனார் ஒருத்தி தன் அண்ணியைப் புகழ ஆரம்பித்தால், இவளுக்கு என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறதோ என்றுதான் கேட்கிறவர்கள் நினைப்பார்கள். எனக்கு ஒரு காரியமும் ஆக வேண்டியதில்லை. நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். பத்தொன்பது வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு கத்தியே தொண்டை கட்டிப்போனவள். யாரையும் லேசில் பாராட்டுகிற வாய் இல்லை இது. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்: எங்கள் அண்ணி மாதிரி ஒரு அழுத்தக்காரியை நான் பார்த்ததில்லை.

அண்ணி பல் செய்கிறவள். பல் டாக்டர் இல்லை. டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். அதை வைத்துக்கொண்டு பீங்கானில் கேப் செய்து கொடுக்கிற லேபில் வேலை. கேப் என்றால் பழுதான பல்லின் மேல் தொப்பி போல மாட்டுவது. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதில் மேடு, பள்ளம், பக்கத்துப் பல்லின் மஞ்சள், ஓரத்தில் லேசான நீலம் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு தாள் கனம் உயர்ந்துவிட்டாலும் போட்டுக்கொண்டவருக்கு வாய் மூடாது, தலைவலி வரும், டாக்டரைத் திட்டுவார், டாக்டர் லேபைத் திட்டுவார். அண்ணி செய்த கேப்புக்காக லேபை யாரும் திட்டியதில்லை. இருபத்திரண்டு வருடம். கல்யாண வீடுகளில் யாராவது சிரித்தால் அண்ணி முகத்தைப் பார்க்கமாட்டாள். பல்லைத்தான் பார்ப்பாள்.

போன வருடம் லேப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்து மூடினார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பாதி உணர்ச்சி திரும்பவில்லை. ஊசி குத்தினால் தெரியும், நூல் பட்டால் தெரியாது. எங்கள் அண்ணன் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற சாது மனிதர். எதற்கும் நல்லதையே சொல்லித் தேற்றுவார்.

"பாத்திரம் தூக்க முடியுது, கையெழுத்துப் போட முடியுது, அப்புறம் என்ன?" என்றார்.

"நான் என்ன கையெழுத்துப் போட்டா சம்பாதிக்கிறேன்?" என்றாள் அண்ணி.

லேப் முதலாளி நல்லவர். அதுதான் வம்பாகப் போயிற்று. கெட்டவராக இருந்தால் வேறு ஆளைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். இவர் வீட்டுக்கே வந்து, "இந்த மாசக் கடைசி வரைக்கும் உங்க மேசையைக் காலியா வச்சிருக்கேன். முடியும்னா வந்து உக்காருங்க. முடியாதுன்னா ஆர்டர் எடுக்கற போன் மேசையைப் பார்த்துக்குங்க, சம்பளத்துல குறை வைக்கமாட்டேன். முடியுமா முடியாதான்னு நான் கேக்கப் போறதில்லை. நீங்களே சொன்னாப் போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணிக்குத் தூக்கம் போனது அன்றைக்குத்தான். வேறு யாராவது சோதித்துப் பார்த்து முடியாது என்று சொன்னால் சண்டை போடலாம். தன்னையே கேட்டுச் சொல் என்றால் எங்கே போவது?

"லேபுக்குப் போய் நாலு கேப் செஞ்சு பார்த்துட்டு வாங்களேன் அண்ணி," என்றேன்.

"அடுத்தவங்க வாயில வெள்ளோட்டம் பார்க்கச் சொல்றியா?" என்று ஒரு முறை முறைத்தாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள், துணிக்கிளிப்பைக் கொடுத்துக் கயிற்றில் மாட்டச் சொல்வார்கள். அண்ணி எல்லாவற்றையும் செய்துவிட்டு, "இது அமுக்கினா என்ன, அமுக்காட்டி என்ன? பந்து எனக்குப் பதில் சொல்லாது," என்பாள். அந்த அறையின் ஜன்னலுக்கு எதிரே ஒரு கடை. கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்ன விமானங்கள் நூலில் தொங்கும். ஒரு மாதமாகப் பந்தை அமுக்கிக்கொண்டு அண்ணி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கென்ன தெரியும்? ஒரு நாள் அவளைக் கூட்டிப் போகப் போனபோது, "வண்டியை இங்கேயே விடு, எதிர்க்கடைக்குப் போகணும்," என்றாள்.

கடைக்காரர் ஒரு கண்ணாடியைக் கண்ணிலும் இன்னொன்றை நெற்றியிலும் போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"நாப்பத்தேழு," என்றாள் அண்ணி.

அவர் என்னைப் பார்த்தார். "என்னைப் பார்க்காதீங்க, எனக்கு நாப்பத்தொண்ணுதான்," என்றேன்.

முதலில் ஒரு பிளாஸ்டிக் விமானத்தை எடுத்து வைத்தார். துண்டுகளை ஒன்றோடு ஒன்று அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும், பசைகூட வேண்டாம். அண்ணி இரண்டு துண்டைச் சேர்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். அடுத்து முந்நூறு துண்டுள்ள ஒரு போர் விமானம். அவர் அதைப் பெருமையாகத் திறந்து காட்டினார். ஓட்டுநர் உட்காரும் இடத்தில் நகத்தின் கால்வாசி அளவுக்கு ஒரு கடிகாரம்கூட இருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அண்ணி ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. ஆனா எல்லா வேலையையும் அச்சே செஞ்சு முடிச்சிடுச்சு. நான் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி," என்றாள். "தப்பு பண்ணா தப்புன்னு காட்டிக்குடுக்கற மாதிரி எதுவும் இல்லையா?"

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் வந்து, சுலபமாக லைசென்ஸ் வாங்க வழி கேட்டிருக்கிறார்கள். தப்பைக் காட்டிக்கொடுக்கிற ஒன்றைத் தேடிக் கடைக்கு வந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைக்காரரும் நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இறக்கினார். தூசி தட்டினார்.

"இதுல விமானமே கிடையாதும்மா. மரத் தகடும் வரைபடமும்தான் இருக்கு. பால்சான்னு ஒரு மரம், ஊதினா பறக்கும், அழுத்தினா நசுங்கும். ஒவ்வொரு துண்டையும் நீங்கதான் பிளேடால வெட்டணும். ஒரு ரெக்கைக்குள்ள எலும்பு மாதிரி பதிமூணு விலா. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, நுனிக்குப் போகப் போகச் சின்னதாகும். ஒரு விலா ஏறினாலும் மேல காகிதம் ஒட்டி மூடும்போது மேடு தட்டிடும், மறைக்கவே முடியாது. ரெண்டு பேர் வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து குடுத்துட்டாங்க."

"எதனால குடுத்தாங்க?"

"கை ஒத்துழைக்கலைன்னாங்க."

"அப்போ இதையே குடுங்க," என்றாள் அண்ணி.

கடைக்காரர் விற்க மனமில்லாமல் விற்றார். அவருடைய பார்வை அண்ணியின் மணிக்கட்டுத் தழும்பின் மேல் விழுந்ததை நான் கவனித்தேன். வெளியே வந்ததும் நான் கத்தினேன். "நல்ல கைக்காரங்களே ஓடிட்டாங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வீம்பு? ஓட்டிப் பழக வந்த முதல் நாளே யாராவது மலை ரோட்டுக்குப் போவாங்களா?"

"நான் பழக வரலை. டெஸ்ட்டுக்கு வந்திருக்கேன்," என்றாள். காரில் பெட்டியைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மாசக் கடைசிக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.

நாங்கள் மூவரும் இருக்கிற வீட்டின் முன்னறையில் ஜன்னலோரம் இருந்த சாப்பாட்டு மேசை அன்றே பறிபோனது. நானும் அண்ணனும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். முதல் வாரம் பார்க்கவே சங்கடமாக இருந்தது. விரலுக்கு அழுத்தம் தெரியாததால் பிளேடு சில சமயம் பாதி வெட்டி நின்றுவிடும், சில சமயம் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். ஏழு விலா நொறுங்கிப் போயின. பெட்டியில் உபரியாக இருந்த மரமெல்லாம் தீர்ந்து, கடைக்குப் போய் இன்னும் இரண்டு தகடு நான்தான் வாங்கி வந்தேன். அண்ணன் குப்பைக்கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பசையை வச்சு அடைச்சா இதெல்லாம் தெரியாதே," என்று வாயைக் கொடுத்தார்.

"பசையை வச்சு அடைக்கிறவ பல்லு செய்யக் கூடாது," என்றாள் அண்ணி. அண்ணன் அதற்குப் பிறகு கூடைப் பக்கமே போகவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு காலையில் ரேடியோவை அணைக்கச் சொன்னாள். மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னாள். வியர்வை வழிய உட்கார்ந்து, காதை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெட்டினாள். பிளேடு மரத்துக்குள் போகும்போது ஒரு சத்தம், அடியைத் தொடும்போது வேறு சத்தம் என்று கண்டுபிடித்திருக்கிறாள். விரல் சொல்லாததைக் காதால் கேட்டுக்கொண்டாள். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவள், அப்படியே நின்று பார்த்தேன். அன்றைக்கு முதல் வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

முதல் இறக்கை பதினேழாம் நாள் முடிந்தது. எலும்புக்கூடு மாதிரிதான், இன்னும் காகிதம் ஒட்டவில்லை. முன்விளிம்பு உருண்டையாக, பின்விளிம்பு கத்தி போல மெலிந்து, அடியில் தட்டையாக, மேலே லேசாக வளைந்து, கையில் எடுத்தால் இருப்பதே தெரியாது. நானும் அண்ணனும் கை தட்டாத குறைதான்.

"போதும் அண்ணி, கை வந்துடுச்சு. முதலாளிக்குப் போன் பண்ணுங்க," என்றேன்.

"ஒண்ணு நல்லா வந்தா அது எப்படியோ வந்ததா இருக்கலாம். இன்னொண்ணும் வரட்டும்," என்றாள். முதல் இறக்கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விலாவையும் அதோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு இரண்டாவதைச் செய்தாள். இந்தத் தடவை ஒரு விலாகூட நொறுங்கவில்லை.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். விமானத்தின் உடலை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு இறக்கைகளை வைத்தாள். அண்ணன் போட்டோ எடுக்கப் போனைத் தேடப் போனார். நான் மேசையைப் பார்த்தேன்.

நாள் பூராவும் இடது வலது என்று கத்துகிறவளுக்கு இது தெரியாமல் போகுமா? ஒரு இறக்கையின் உருண்டை விளிம்பு விமானத்தின் மூக்கைப் பார்த்து இருந்தது. இன்னொன்றின் உருண்டை விளிம்பு வாலைப் பார்த்து இருந்தது. அதை முன்பக்கமாகத் திருப்ப வேண்டுமென்றால் கவிழ்த்துப் போட வேண்டும். கவிழ்த்தால் தட்டையான வயிறு மேலே வந்துவிடும். வரைபடத்தில் ஒரு இறக்கைதான் இருந்தது. மற்றதற்கு அந்தத் தாளையே திருப்பிப் போட்டுச் செய்ய வேண்டுமென்று மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. முதல் இறக்கை மாதிரியே வர வேண்டும், முதல் இறக்கை மாதிரியே வர வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ததில், அண்ணி தாளைத் திருப்பவே இல்லை.

சொல்லலாமா வேண்டாமா? நாளைக்கு அவள் முடிவு சொல்ல வேண்டிய நாள். இதைக் கேட்டால் போன் மேசைதான் என்று உட்கார்ந்துவிடுவாள். சொல்லாமல் விட்டால், ஒரு மணி நேரத்தில் பசை போடும்போது அவளே கண்டுபிடிப்பாள். எனக்கு எதையும் பதமாகச் சொல்லத் தெரியாது.

"அண்ணி, ரெண்டுமே இடது ரெக்கை," என்றேன்.

அண்ணி குனிந்து பார்த்தாள். இரண்டாவதை எடுத்துத் திருப்பினாள், கவிழ்த்தாள், மறுபடி திருப்பினாள். முகத்தில் ஈயாடவில்லை. போனோடு வந்த அண்ணன் விஷயத்தைப் புரிந்துகொண்டு, "போகட்டும்மா, போன் மேசையும் நல்ல வேலைதானே. உக்கார்ந்த இடத்துல..." என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து அமுக்கினேன்.

ஏனென்றால் அண்ணி அழவில்லை. ஒரு இறக்கையை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். ஓரம் முழுக்க இடது கை நகத்தால் வருடிக்கொண்டே போனாள். நகம் எங்கேயும் தட்டவில்லை. தன் லேப் பையிலிருந்து கேப்பின் கனம் அளக்கிற சின்ன இடுக்கியை எடுத்தாள். என் கையில் ஒரு பேனாவைத் திணித்து, "எழுது," என்றாள்.

ஒவ்வொரு விலாவாக அளந்து சொன்னாள். முதல் இறக்கைக்குப் பதிமூன்று எண்கள். அதன் எதிரில் இரண்டாவதற்குப் பதிமூன்று எண்கள். எழுதிக்கொண்டே வந்த எனக்கு இரண்டாவது வரிசையின் எட்டாவது எண்ணுக்குப் பிறகு கண்ணீர் மறைத்தது. இடது வரிசையில் இருந்ததுதான் வலது வரிசையிலும் இருந்தது. ஒரு இடத்தில்கூட மாறவில்லை. பதிமூன்றாவதை எழுதிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாளை அவள் பக்கம் தள்ளினேன். அண்ணி அதை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை பார்த்தாள். பிறகு தன் வலது கையைத் திருப்பி, யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளிக்குப் போன் போட்டாள். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் சொன்னாரே, அந்த விமானம் முடிஞ்சுதா?" என்றார் அவர்.

"முடியலை சார். ரெண்டு ரெக்கையையும் இடது ரெக்கையாவே செஞ்சு வச்சிருக்கேன்."

"பரவாயில்லைம்மா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. போன் மேசையைத் தயார் பண்ணச் சொல்றேன்," என்றார் மெதுவாக.

"வேணாம் சார். ரெண்டும் ஒரே இடது ரெக்கை. அளந்து பார்த்துட்டேன், மயிரிழை வித்தியாசம் இல்லை," என்றாள் அண்ணி. "நாளைக்குக் காலைல என் மேசைக்கு வர்றேன்."