ராஜாவின் படத்தில் ஜீவண் கானின் கை

ஜீவண் கானுக்கு நாற்பத்தைந்து வயதில் ராஜாவாகும் யோகம் அடித்தது. அதுவும் முழங்கை வரைக்கும்தான்.

அரண்மனை ராஜாளிக் கொட்டிலே கதி என்று கிடந்த மனிதர். நிக்காஹ் நாளில்கூடப் பறவைக்கு இரை கொடுத்துவிட்டுத்தான் மணப்பெண் வீட்டுக்குப் போனார். மனைவி பஸ்ஸோ அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ராஜா இருபத்திரண்டு வயதுக்காரர். பட்டத்துக்கு வந்து மூன்றே மாதம். ஓவியர் தேவிதித்தா அவர் படத்தில் தலைப்பாகைக்குக் கல்கி இறகு, தலைக்குப் பின்னால் பொன்வட்டம், மேலே குடை எல்லாம் போட்டுவிட்டார். கையில் ராஜாளிதான் பாக்கி. சீக்கியர்களின் பத்தாம் குரு கையில் ஏந்திய பறவையாயிற்றே, அது இல்லாமல் என்ன சீக்கிய ராஜா! ராஜாளியோ அவர் கைக்குப் போனதும் படபடவென்று அடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. அவரும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஜீவணா, ராஜாவோட அங்கியைப் போட்டுக்கிட்டு நீ உக்காரு. கையை மட்டும் பாத்து வரைஞ்சுக்கிறேன். வெளியில மூச்சு விடாதே" என்றார் தேவிதித்தா.

ஜரிகை அங்கியில் நாலு நாள்! அந்தச் சந்தோஷத்தை வீட்டில் சொல்லாமல் இருக்க முடியுமா?

"கை மட்டும் ராஜாவா? அப்போ அந்தக் கையால ஒரு குடம் தண்ணி கொண்டாங்க, சர்க்கார்" என்றாள் பஸ்ஸோ.

தர்பாரில் படத்தைத் திறந்தார்கள். சபையே ஆர்ப்பரித்தது. தூணருகே நின்ற ஜீவண் கானுக்கோ உயிரே போய்விட்டது. கையுறைக்கு மேலே, மணிக்கட்டில், ஒரு தழும்பு! எப்போதோ ராஜாளி கிழித்த தழும்பு. கண்டதையெல்லாம் வரையும் அந்தப் படுபாவி ஓவியர் அதையும் வரைந்து வைத்திருந்தார். குட்டு உடைந்தால் ராஜாவின் மானம் போகும். ஜீவண் கானின் தலையே போகும்.

"சர்க்காருக்கு இந்தத் தழும்பு எப்போ வந்துச்சு?" என்று சித்தப்பா முறையான ஒரு கிழட்டு சர்தார் குறும்பாகக் கேட்டார்.

ராஜா தன் வழுவழுப்பான மணிக்கட்டைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார். ஜீவண் கான் கையை முதுகுக்குப் பின்னால் மறைப்பதும் அவர் கண்ணில் பட்டது.

"நாளைக்குச் சொல்றேன், சாச்சா ஜி."

மறுநாள் விடியும்போது ராஜா தனியாகக் கொட்டிலுக்கு வந்தார். வெறுங்கையை நீட்டினார்.

"ஏத்து."

"கையுறை போட்டுக்குங்க சர்க்கார், கிழிச்சிடும்."

"தெரியும். படத்துல இருக்கிறது என் கையா இருக்கணும். ஏத்து, ஜீவண் கான்."

ஏற்றினார். நகம் இறங்கியது, ரத்தம் வழிந்தது. ராஜா உதட்டைக் கடித்தாரே தவிர, கையை இழுக்கவில்லை. பறவை இரண்டு முறை இறக்கையை அடித்துப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டது.

"உக்காந்துடுச்சு சர்க்கார், உக்காந்துடுச்சு!" என்று கத்திவிட்டார் ஜீவண் கான்.

"கத்தாதேய்யா," என்றார் ராஜா, பறவையிடமிருந்து கண்ணை எடுக்காமல், "மிரண்டுடப் போகுது."