ஈச்சிலம்பற்றுக்கு ஏற்றிப் போன பத்துப் பாடங்கள்

திங்கட்கிழமை காலை ஆறேகால் மணி. திருகோணமலை பஸ் நிலையத்தடியில் நாலைந்து மான்கள் ஒரு வாழைப்பழத் தோலுக்குச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றன. அவற்றிடம் ஹோர்ன் அடித்து வழி கேட்டு, வானை உட்துறைமுகப் பக்கம் திருப்பினேன்.

வானின் பின்னால் ஒரு புரொஜெக்டர், சுருட்டிய படங்கள், ஆசிரியர் கையேடுகள், ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தல். முன் இருக்கையில் பவானி அக்கா. முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர். இப்போது வலயம் வலயமாகப் போய், வளர்ந்து வருகிற பிள்ளைகளுக்குப் பாலியல் சுகாதாரப் பாடத்தை எப்படிப் படிப்பிப்பது என்று மற்ற ஆசிரியர்களுக்குக் காட்டிக் கொடுக்கிறார். நான் சாரதி. என்னுடைய படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். ஓ.எல். பரீட்சை மண்டபத்துக்குள் இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டு முறையும் மற்றவர்களுக்கு முதல் வெளியே வந்திருக்கிறேன்.

போகிற இடம் ஈச்சிலம்பற்று. வானின் மீட்டர்ப்படி அறுபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பெற்றோர் ஓம் என்றால் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் அடுத்த வாரமே பாடம் தொடங்கும். மாட்டோம் என்றால் அந்த வாய்ப்பு வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் முறை மறுபடி எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அக்கா இரவு நித்திரை கொள்ளவில்லை என்று முகத்தைப் பார்க்கவே விளங்கியது.

சீனன்குடா தாண்டியதும் அவரைக் கொஞ்சம் சீண்டிப் பார்ப்போம் என்று தொடங்கினேன்.

“அக்கா, பத்துப் பாடம் கூடிப்போச்சு. அஞ்சாக் குறைச்சு விட்டா சனம் டக்கெண்டு ஓம் எண்டிடும்.”

“ஏலாது.”

“சந்தையில கூடப் பத்து எடுத்தா ஏதும் குறைச்சுத் தருவினம்.”

“இது நான் வீட்டில இருந்து யோசிச்சு எழுதினதில்லையடா. வேற வேற இடங்களில படிப்பிச்சு, பிள்ளையளை முதலும் பிறகும் கேட்டுப் பாத்து, பலன் தந்ததை வச்சுக்கொண்டு மற்றதை எறிஞ்சு வந்த பாடம். அதில அஞ்சை நீ உருவினா அது உன்ர பாடம். உன்ர பாடத்துக்கு நான் பொறுப்பில்ல.”

“என்ர பாடத்துக்கு ஒருத்தரும் பொறுப்பெடுக்கேல்லத்தான் அக்கா.”

அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

ஏழு மணிக்குக் கிண்ணியாப் பாலம். இதைப் பார்க்கவென்று தூர இடங்களில் இருந்து வந்து நின்று படம் எடுக்கிறார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இதில் பாலம் இல்லை, பாதைதான். வாகனத்தையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிற தட்டையான மிதவையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அது வரும்வரைக்கும் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். அப்பா கச்சான் கடலைச் சுருள் வாங்கித் தருவார். முடிவதற்குள் பாதை வந்துவிடக் கூடாதே என்று நான் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன். இப்போது ஒரு கச்சானை உரித்து வாயில் போடுவதற்குள் அக்கரை வந்துவிடுகிறது. பாலம் நல்லதுதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. காத்து நிற்கிற அந்தச் சுகத்தைத்தான் எங்கேயும் விற்கிறார்கள் இல்லை.

ஏழே முக்காலுக்கு மூதூர். பிளேன்ரீ ஐம்பது ரூபாய், மீன் ரோல் நூறு. கடைக்கார நானாவுக்கு அக்காவைத் தெரியும்.

“இந்தத் தங்கச்சி எங்கட புள்ளைகள்ட ஸ்கூலுக்கு வந்த நேரம் முதல்ல சத்தம் போட்டது நான்தான்,” என்று என்னிடம் சொன்னார். “பொறகு புத்தகத்தக் கையில தந்து, வாசிச்சுப் போட்டுச் சத்தம் போடுங்க எண்டாங்க. வாசிச்சன். சத்தம் போட ஒண்டும் இல்ல.”

“எல்லாம் விளங்கினதோ நானா?”

“உனக்கு விளங்காததுதான் எனக்கும் விளங்கல்ல. ரோலத் தின்னு.”

மூதூர் தாண்டியதும் இடப்பக்கம் சம்பூருக்குப் போகிற வீதி பிரியும். எங்கள் வீடு அந்தப் பக்கம்தான். இடம்பெயர்ந்து, திரும்பிப் போக முடியாமல் இருந்த காலத்தில் என்னைச் சின்னம்மா வீட்டில் விட்டார்கள். சின்னம்மா வீடு ஈச்சிலம்பற்றில். எட்டும் ஒன்பதும் நான் அங்கே படித்தேன். ஆக, இன்றைக்கு அக்காவைக் கூட்டிப் போகிற பள்ளிக்கூடம் என்னுடைய பழைய பள்ளிக்கூடம். கிளிவெட்டி வயல்களின் நடுவே ஓடும்போது காரணமில்லாமல் ஸ்ரியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தேன்.

அங்கே ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ என்று ஒரு பாடம் இருந்தது. பெயரில் இரண்டு இருந்தாலும் எங்களுக்குக் கிடைத்தது பின்பாதிதான். உடம்பு வளர்வதைப் பற்றிய அத்தியாயம் வந்ததும் பி.ரி. சேர், “பெடியள் எல்லாம் மைதானத்துக்கு!” என்பார். பெண்பிள்ளைகளை ஒரு ரீச்சர் உள்ளே இருத்திக் கதவைச் சாத்துவார். நாங்கள் தென்னம் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். என் பள்ளிக்காலத்தின் மிக நல்ல மணித்தியாலங்கள் அவைதான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். புழுதியோடு வகுப்புக்குத் திரும்பி வந்தால் மட்டும் ஏதோ மாறியிருக்கும். காலையில் என் பென்சிலைப் பறித்து ஓடிய பிள்ளை பின்னேரம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என்ன பிழை செய்தோம் என்று நாங்கள் ஐந்தாறு பேர் வேலியோரம் கூடி ஆராய்ந்தோம். விடை வரவில்லை. திரும்பவும் பந்து போடப் போய்விட்டோம்.

ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம். அந்த பி.ரி. சேர்தான் இப்போது அதிபர். தலை நரைத்திருந்தது. குரல் அதே குரல்.

“எடேய், உன்னை நம்பி வாகனம் தந்திருக்கினமோ?”

“உங்களை நம்பிப் பள்ளிக்கூடமே தந்திருக்கினம் சேர்.”

அடிக்கக் கையோங்கினார், அப்படியே தோளில் போட்டுக்கொண்டார்.

பெற்றோர் நல்ல கூட்டமாக வந்திருந்தார்கள். அக்கா படத்தைத் தொங்கவிட்டுத் திரும்புவதற்குள் அதிபர் வாசலில் நின்று, “அம்மாமார் உள்ளுக்கு வாங்கோ. அப்பாமார் ஒருக்கா வெளியில நில்லுங்கோ,” என்றார்.

அக்கா ஓடிப்போய், “சேர், ரெண்டு பேரும் இருக்க வேணும். அப்பிடித்தான் இந்தக் கூட்டம்,” என்றார்.

“ஒண்டா இருத்தினா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம், மிஸ். அம்மாமார் கேக்கட்டும். அவை ஓம் எண்டா இவையும் ஓம்.”

அதற்குள் தகப்பன்மார் தாங்களாகவே வெளியே போய்விட்டார்கள். போகச் சொன்னது அவர்களுக்கும் நிம்மதிதான். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக் கதவைச் சாத்தினார் அதிபர்.

வேப்பமரத்தடியில் நின்றோம். மைதானத்தில் யாரோ பிள்ளைகள் விட்டுப்போன மட்டை கிடந்தது. ஒரு தகப்பன் அதை எடுத்துத் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் சாரத்தை மடித்துக் கட்டினார். ஐந்து நிமிடத்தில் நான் பந்து போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது வயது ஆட்கள், “அவுட் இல்லையடா!” என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வந்தது. நெஞ்சுக்குள் பழைய சந்தோஷமும் அப்படியே வந்தது.

விளையாடாமல் மரத்தோடு நின்றவர் யோகன் அண்ணை. ஊரில் விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர். நான் படிக்கிற காலத்தில் இருந்தே அவரைத் தெரியும். பந்து பொறுக்க அந்தப் பக்கம் போனபோது கையைப் பிடித்தார்.

“நீதானே அவவைக் கூட்டி வந்தது? உள்ளுக்கு என்ன சொல்லுறா?”

பத்துப் பாடத்தையும் ஜன்னலோரம் நின்று பல பள்ளிக்கூடங்களில் கேட்டவன் நான். எதையும் பகிடியாக்குகிற வாய் எனக்கு. ஆனால் இத்தனை பேரும் திரும்பிப் பார்த்தபோது பந்தைச் சட்டையில் தேய்க்கத் தொடங்கினேன்.

“அது… பிள்ளையளின்ர உடம்பு மாறுறதைப் பற்றி அண்ணை.”

“எப்பிடி மாறும்?”

“மெல்ல மெல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். யோகன் அண்ணை சிரிக்கவில்லை. “உதெல்லாம் பள்ளிக்கூடத்தில கதைக்கிற கதையே? நான் கையுயர்த்த மாட்டன். வீட்டுக்குள்ள இருக்க வேண்டியது வீட்டுக்குள்ள இருக்கோணும்.”

அவர் சொன்னதற்கு இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. அடக்கமாக ஏதும் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது சீண்டுவது ஒன்றுதான்.

“அண்ணை, ஒரு பிள்ளை பெரியபிள்ளையாகினா நாலு சந்திக்கும் குழாய் கட்டிச் சடங்கை ஊருக்கெல்லாம் அறிவிக்கிறது ஆர்? நீங்கள்தானே! ஊருக்குச் சொல்லலாம், அந்தப் பிள்ளைக்குச் சொல்லேலாதோ?”

சிரிப்பு வெடித்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

“உங்கட மகளுக்கு அடுத்த ஊர் வெருகல் வரைக்கும் கேக்கக் கட்டுவியள், என்ன?”

ஒருவரும் சிரிக்கவில்லை. மட்டையோடு நின்றவர் மட்டையைக் கீழே இறக்கினார்.

“கட்டுவன்,” என்றார் யோகன் அண்ணை. “கட்டத் தெரியும் எனக்கு. அதுக்கு முதல் பிள்ளை வந்து, அப்பா இதென்ன எண்டு நிண்டா? தாய் குவைத்தில. வீட்டில நானும் அவளும்தான். எட்டாம் வகுப்பு. இண்டைக்கோ நாளைக்கோ தெரியாது. ஆரிட்டப் போய்க் கேக்கிறது எண்டு நினைச்சு நினைச்சுத்தான் இஞ்ச வந்தனான். வந்தா, வெளியில நில் எண்டினம்.”

“மன்னியுங்கோ அண்ணை,” என்றேன். அவர் அதைக் கேட்டாரோ தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வகுப்பறைக் கதவைத் தள்ளினார். அதிபர் வாசலில் மறித்தார்.

“யோகன், இது அம்மாமாருக்கு.”

“அப்ப என்ர பிள்ளைக்கு ஆர் சேர் கேக்கிறது?”

அதிபர் கையை எடுத்தார். உடனே எடுக்கவில்லை, கொஞ்சம் பொறுத்துத்தான் எடுத்தார்.

யோகன் அண்ணை பிள்ளைகளுக்கான சின்ன வாங்குப் பலகையில் கடைசி வரிசையில் போய் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். சில பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஒரு தாய் மட்டும் தன் பையை எடுத்துத் தள்ளி வைத்து, “இஞ்சால தள்ளி இரியுங்கோ தம்பி, அதில இருந்தா படம் தெரியாது,” என்றாள்.

அக்கா, “திரும்ப முதலில இருந்து சொல்லட்டே?” என்று கேட்டார்.

“சொல்லுங்கோ மிஸ். எங்களுக்கும் வெக்கத்தில முதல் பாதி காதில ஏறேல்ல,” என்று முன்வரிசையில் ஒருத்தி சொல்ல, அறை முழுக்கச் சிரித்தது.

வெளியே மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒருவர் போனார். பிறகு இன்னொருவர். வயலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று இரண்டு பேர் சைக்கிளில் ஏறினார்கள். மற்றவர்கள் எல்லோரும் உள்ளே. இடமில்லாமல் ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். உடம்பில் என்ன மாறும், ஏன் பயப்படத் தேவையில்லை, ஒருவர் தொட்டால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, தொலைபேசியில் யாரும் படம் கேட்டு நச்சரித்தால் யாரிடம் போவது என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். யோகன் அண்ணை நாலு தரம் கேள்வி கேட்டார். மூன்றாவது கேள்விக்குப் பிறகு மற்ற ஆண்களும் கேட்கத் தொடங்கினார்கள்.

பன்னிரண்டு மணிபோல அதிபர், விருப்பமானவர்கள் கையுயர்த்தச் சொன்னார். யோகன் அண்ணையின் கை முதலில் போனது. உயராத கைகள் நாலைந்து, பின்னால். அவர்களோடு தனியாகக் கதைப்பதாக அக்கா சொன்னார். பத்துப் பாடமும், ஒன்றும் வெட்டாமல், பெடியளும் உள்ளே இருந்து படிக்க வேண்டும் என்றும் கேட்டார். அதிபர் சம்மதித்தார்.

வானில் சாமான் ஏற்றும்போது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பகிடி ஏதும் சொல்வார் என்று பார்த்தேன்.

“எனக்கும் ஒருத்தரும் சொல்லித் தரேல்லயடா. அந்தப் பக்கத்தைத் திறந்தா சொல்லு வாயில வராது. பந்து கையில இருந்துது,” என்றார்.

“நல்லாத்தான் பந்து போட்டியள் சேர்,” என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த நாட்களுக்காக அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

ஒன்றரைக்குப் புறப்பட்டோம். சந்திக் கடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினால் யோகன் அண்ணை அங்கே நிற்கிறார், கையில் மாதவிடாய்த் துவாய்ப் பைக்கற்றுகள் இரண்டு. ஒன்று பச்சை, மற்றது நீலம். எது நல்லது என்று அவர் கேட்க, கடைக்காரர் மேலே கூரையைப் பார்த்தார். நானும் போய்ச் சேர்ந்தேன். மூன்று ஆம்பிளைகள் பைக்கற்றின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தோம். வானுக்குள் இருந்த அக்காவைக் கூப்பிட்டேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை உயர்த்திக் காட்டிவிட்டு இறங்காமலே இருந்தார்.

பச்சை என்று முடிவானது, கூடவே பேக்கரிப் பாண் ஒன்றும். கடைக்காரர் வழக்கப்படி பழைய பேப்பர் ஒன்றை உருவி, பைக்கற்றைச் சுற்றத் தொடங்கினார்.

“பேப்பர் வேண்டாம் அண்ணை,” என்று கடைக்காரரைத் தடுத்தார் யோகன் அண்ணை.

“றோட்டால எல்லே கொண்டுபோகப் போறாய்?”

“ஓம், றோட்டாலதான். பாணுக்குச் சுத்துறியளோ?”

திருகோணமலை ரவுனில், துறைமுகத்துக்குக் கப்பல் வந்து போகிற எங்கள் பெரிய ஊரில், எங்கள் தெருக் கடையில் இன்றைக்கும் அதைப் பேப்பரில் சுற்றிக் கறுப்புப் பைக்குள் போட்டுத்தான் தருகிறார்கள். யோகன் அண்ணை பாண் பையையும் பச்சைப் பைக்கற்றையும் மோட்டார் சைக்கிள் கைபிடியில் ஒன்றாகக் கொழுவினார். எனக்கு வாயில் ஒரு பகிடி வந்தது. தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டேன்.

அவர் முன்னால் போனார், நாங்கள் பின்னால். பைக்கற் வெயிலில் ஆடி ஆடிப் போனது. எதிரே உழவு இயந்திரம் ஒன்று வந்தது, சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள், திரும்பிப் பார்த்தார்கள், போனார்கள். வீதி நேர் வீதி, முந்திப் போக நல்ல இடம் இருந்தது. அவர் தன் ஒழுங்கைக்குள் திரும்பும்வரைக்கும் நான் முந்தவில்லை. ஏன் இவ்வளவு மெல்ல ஓடுகிறாய் என்று அக்காவும் கேட்கவில்லை.