தேனிலவுக்கு அனுப்பிவைக்கிறவள்

“காலையில யாரு முதல்ல எந்திரிப்பீங்க, நீங்களா அவங்களா?” என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே, சுட்ட சீமைப்பலாத் துண்டைத் தேங்காய்ப்பாலில் தோய்த்து வாயில் போட்டுக்கொள்கிறாள் வைஹேரே. மறுமுனையில் பிரெஞ்சு தேசத்து லியோன் நகரத்து மாப்பிள்ளை ஒருவன். எந்தத் தீவு, எந்த விமானம், கடலைப் பார்த்த அறையா, மலையைப் பார்த்த அறையா என்றெல்லாம் யோசித்து வைத்திருப்பவனுக்கு இந்தக் கேள்விக்கு மட்டும் விடை தெரியவில்லை. “அப்போ போனை அவங்ககிட்ட குடுங்க. குடுத்துட்டு நீங்க கொஞ்சம் வெளியில போய் நில்லுங்க” என்கிறாள். அவனும் போய் நின்றிருப்பான். அவள் குரலுக்கு மறுபேச்சு பேசியவர்களை நான் பார்த்ததில்லை.

போரா போராவை அடுத்த எங்கள் தீவில், உத்துரோவா படகுத்துறையில் என் துணிக்கடைக்கு அடுத்த கதவு அவளுடையது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, வருகிறவர்கள் உட்கார இரண்டு பிரம்பு நாற்காலி. அவள் நாற்காலி மட்டும் பலகையில் தச்சன் செய்தது. கடையில் விற்பது எதுவும் அவளைத் தாங்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் காதோரம் பூ வைக்குமிடத்தில் அவள் ஒரு பேனா செருகியிருப்பாள். அதை எடுத்து அவள் எழுதியதே கிடையாது. எந்த ஜோடி எந்தப் படகில் வருகிறது, யாருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, யாருடைய மாமியார் தினம் இரண்டு முறை போன் செய்வாள், எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும்.

உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து புதுமணத் தம்பதிகளை வரவழைத்து, காயலின் மேல் கால் ஊன்றி நிற்கும் குடில்களில் தங்கவைத்து, சண்டை வராமல் திருப்பி அனுப்புவது அவள் தொழில். அதற்குச் சில சட்டங்கள் வைத்திருக்கிறாள். வந்த அன்றைக்கு விருந்து கூடாது. “ஒரு பகல் ஒரு ராத்திரி பறந்து வந்திருக்காங்க. மொகத்தைப் பாத்தாலே எரிச்சலா இருக்கும். அப்போ போய் எதிரெதிரா உக்காரவெச்சு மெழுகுவத்தி ஏத்துனா என்ன ஆகும்? தூங்கட்டும் விடு.” படகோட்டி புனுவா நரம்புவாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் தடுத்து நிறுத்துவாள். “இன்னிக்கு உன் பாட்டு வேணாம் புனுவா. அவங்களே இன்னும் ஒருத்தரோட ஒருத்தர் பேசி முடிக்கல.”

சரக்குக் கப்பலில் வேலை செய்யும் அவள் கணவன் மாதத்தில் பாதி நாள் கடலில். “உங்க தேனிலவு எங்கக்கா?” என்று யாராவது சீண்டினால், “அவன் இறங்கறப்ப ஒண்ணு, ஏறுறப்ப ஒண்ணு. மாசா மாசம் நடக்குது” என்பாள்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. “ரெண்டு பேரு பேசறதக் காது குடுத்துக் கேட்டாப் போதும். எந்தத் தீவு, எந்த ரூம்னு சொல்லிடுவேன்.” பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அறைகளைப் பற்றிய ஞானத்தில் பாதி மட்டும் கடன் வாங்கியது. எதிர்த்தீவான தாஹாவில் இருக்கும் மிரியாமா, போரா போராவின் பெரிய ஹோட்டல் ஒன்றில் பத்தொன்பது வருடம் அறை துப்புரவு வேலை பார்த்தவள். முட்டி தேய்ந்து வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. எந்தக் குடிலின் தரை கிறீச்சிடும், எதில் சமையற்கட்டு வாடை வரும் என்று வைஹேரே இன்றைக்கும் அவளுக்குத்தான் போன் போட்டுக் கேட்பாள்.

போன வனிலா அறுவடை முடிந்த சமயம், மிரியாமாவோடு வாழ்கிற தீஹோத்தி ஒரு காலையில் வைஹேரேயின் அலுவலகத்துக்குள் நுழைந்தான். சட்டையெல்லாம் வனிலா மணம். பிரம்பு நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“கல்யாணம் பண்ணிக்கப்போறேன்க்கா.”

“யாரை?”

“வேற யாரை? மிரியாமாவைத்தான்.”

இருபத்தாறு வருடமாக ஒரே வீடு, நாலு பிள்ளை, மூன்று பேரன் பேத்தி. எங்கள் ஊரில் இதில் அதிசயமில்லை. நேரம் வரும்போது கோயிலுக்குப் போய்க்கொள்வார்கள். தீஹோத்திக்கு நேரம் வந்திருந்தது. சபையில் அவனை மூப்பராக்க நினைத்த போதகர், முதலில் கல்யாண விஷயத்தை முடித்துக்கொண்டு வா என்கிற மாதிரி சொல்லிவிட்டார். முடிக்கிறதுதான் முடிக்கிறோம், முழுதாக முடிப்போம் என்று தீஹோத்தி தேனிலவு கேட்டு வந்திருந்தான்.

வைஹேரே சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, லியோன்காரனிடம் கேட்ட அதே தோரணையில் கேட்டாள்: “எங்க போகணும்?”

“போரா போரா. தண்ணி மேல இருக்கற வீடு. அவ வேலை செஞ்ச அதே ஹோட்டல்.”

“தம்பி, அது வேணாம். அவ அங்க போனா படுக்கமாட்டா, படுக்கையத் தட்டிப் போடுவா. துண்டு மடிப்பா. அவளுக்கு அது லீவு இல்ல, வேலைக்குத் திரும்பினாப்புல இருக்கும். ஹுவாஹினே தீவுல எனக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு. தனி மணல், தனிப் படகு, ஒரு சமையக்காரி. ராணி மாதிரி இருப்பா.”

தீஹோத்தி அதிகம் பேசுகிறவன் இல்லை. நாற்காலி முதுகை விடாமலே சொன்னான்.

“அக்கா, பத்தொன்பது வருஷம் அவ விரிச்ச மெத்தையில ஊர் பேர் தெரியாதவன்லாம் படுத்து எந்திரிச்சான். அவ ஒரு ராத்திரி படுக்கக் கூடாதா?”

“படுக்கக் கூடாதுன்னு யாருடா சொன்னா? அவளுக்குப் பிடிக்காதுன்னுதான் சொல்றேன்.”

“பிடிக்குமா பிடிக்காதான்னு அவ அங்க போய்ச் சொல்லட்டும். இப்ப நீ அவகிட்ட மூச்சு விடாத.”

அவன் போனபின் வைஹேரே என் கடைக்கு வந்து, வாங்காத துணிகளை விரித்து விரித்துப் பார்த்தாள். “அவ கூனிக் குறுகி நிக்கப்போறா. கூட வேலை செஞ்சவளே காபி கொண்டாந்து வெக்கறத எப்படிம்மா பாத்துட்டு உக்காந்திருப்பா? இந்த முட்டாளுக்குப் புரியல” என்றாள். ஆனால் அவன் கேட்டபடியே செய்வதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வழக்கம்போல மிரியாமாவுக்கே போன் போட்டாள். பக்கத்தில் இருந்த எனக்கும் இரண்டு குரலும் கேட்டது.

“ஒரு ஜோடி வருது. வயசானவங்க. பொம்பளைக்கு முட்டி வலி. எந்த ரூம் குடுக்கலாம்?”

“பதினேழு” என்றாள் மிரியாமா, யோசிக்காமல். “தண்ணில இறங்கற படி அகலம். கைப்பிடி இருக்கு. வெயில் சாயங்காலம்தான் உள்ள வரும். அந்தம்மா எப்படி, சாதுவா?”

“பிடிவாதக்காரி.”

“அப்போ கட்டில் மேல செம்பருத்தி கொட்டச் சொல்லாத. வெள்ளைத் துணில கறை படிஞ்சா, தேய்க்கறவளத்தான் திட்டுவாங்க. புருஷங்காரன் நல்லவனா?”

வைஹேரே என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். “பரவாயில்ல” என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு ஹுவாஹினேக்குப் பேசி அந்த வீட்டையும் காலியாக வைத்திருக்கச் சொன்னாள். புனுவாவிடம், செவ்வாய்க்கிழமை படகைத் தயாராக வை, கூப்பிட்டால் போரா போரா போக வேண்டியிருக்கும் என்றாள். முதல் ராத்திரிக்கு மேல் மிரியாமா தாங்கமாட்டாள் என்பது அவள் கணக்கு.

சனிக்கிழமை கல்யாணம். கோயிலில் பேரன்தான் மோதிரம் நீட்டினான். திங்களன்று, தங்கையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லித் தீஹோத்தி மிரியாமாவைப் போரா போராவுக்குக் கப்பல் ஏற்றினான். அந்தக் கரையில் தங்கை இல்லை. ஹோட்டல் படகு காத்திருந்தது.

செவ்வாய் காலை முழுக்க வைஹேரேவுக்கு வேலை ஓடவில்லை. வந்த போன்களுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். நான் மதியச் சாப்பாட்டை அவள் மேசைக்கே கொண்டுபோயிருந்தேன். எலுமிச்சையில் ஊறிய பச்சை மீனை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவள், போன் அடித்ததும் எனக்கும் கேட்கும்படி ஒலியைத் திறந்துவிட்டாள்.

“திருடி” என்றது மிரியாமாவின் குரல். “என் ரூம என்கிட்டயே கேட்டியா?”

“ரொம்ப கஷ்டமா இருக்கா? புனுவா ரெடியா இருக்கான். ஹுவாஹினேல வீடு பிடிச்சு வெச்சிருக்கேன். சாயந்திரத்துக்குள்ள மாத்திடலாம்.”

“எதுக்கு?”

வைஹேரே போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். மிரியாமாவே பேசினாள்.

“நேத்து வந்ததும் கை சும்மா இருக்கலதான். முகம் கழுவுற தொட்டியத் துடைச்சேன். குழாய்ல அழுக்கு. அவன் திட்டுனான். நான் வேலை பழக்கிவிட்ட பொண்ணு ஒண்ணு, ஹெரேயாத்தா, தண்ணி பாட்டில் எடுத்துட்டு வந்துது. கட்டிப் பிடிக்கறதா, தலை குனியறதான்னு தெரியாம வாசல்லயே நிக்குது. ‘கட்டிப் பிடிச்சுட்டு அப்புறம் குனி’ன்னேன். ரெண்டும் செஞ்சுது. அப்புறம் ரெண்டு பேரும் கொஞ்சம் அழுதோம்.”

“ராத்திரி?”

“ராத்திரிய விடு. இன்னிக்குக் காலைலதான். வழக்கம்போல இருட்டோட முழிச்சுட்டேன். வண்டி வர்ற சத்தம் கேட்டுது, துணி ஏத்திட்டு வருவோமே, அந்த வண்டி. காலு தன்னால தரைக்குப் போச்சு. அப்புறம் அந்த அட்டைய எடுத்தேன். தொந்தரவு செய்யாதீங்கன்னு எழுதிருக்குமே. எத்தனை கதவுல அதப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். உள்ள இருந்து நான் மாட்டுனது இதான் முதல் தடவை. மாட்டிட்டு வந்து படுத்தேன். வண்டி வந்துது, நின்னுது, போயிருச்சு.”

பின்னால் யாரோ தண்ணீரை அளையும் சத்தம் கேட்டது.

“இப்பதான் எந்திரிச்சேன்” என்றாள் மிரியாமா. “தலையணை ரொம்ப மெத்துமெத்துன்னு இருந்துது, மாத்தச் சொல்லிப் போன் பண்ணேன். கொண்டாந்து குடுத்தாங்க. இவன் தண்ணிக்குள்ள நின்னுட்டு என்னைக் கூப்பிடறான், அம்பது வயசுக் கோட்டான்.” பிறகு குரல் மாறியது. “நாளைக்கு எத்தனை மணிக்குக் காலி பண்ணணும்னு கேக்கக்கூட வேணாம், எனக்குத் தெரியாதா? பதினோரு மணி. அவங்க வந்து கதவத் தட்டறதுக்கு முன்னாடி கிளம்பிடுவோம்.”

“நீ அவசரப்படாத” என்றாள் வைஹேரே.

போனை வைத்துவிட்டு மீன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். புனுவாவைக் கூப்பிட்டு, படகை அவிழ்த்துக்கொண்டு மீனுக்குப் போகச் சொன்னாள். ஹுவாஹினேக்கும் சொல்லிவிட்டாள். “நான் நெனச்சது ஒண்ணும் நடக்கல” என்று என்னிடம் சொன்னாள். முகத்தில் வருத்தம் தெரியவில்லை. அடுத்து ஹோட்டலுக்குப் போட்டாள். பாரிஸ் வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கும் சுத்தமான பிரெஞ்சில், பதினேழாம் எண் குடிலைப் பற்றிப் பேச வேண்டும் என்றாள். நாளை மாலை வரை அறை வேண்டும். அதற்கு என்ன உண்டோ அது தன் கணக்கில் சேரட்டும். இன்னொன்று, மேடம் தானாக எழுந்து வரும்வரை யாரும் கதவைத் தட்ட வேண்டாம்.

அதைச் சொல்லும்போது, பக்கத்திலேயே யாரோ தூங்குவதைப்போல, வாயைக் கையால் மறைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.