சரியாகிப்போன பத்து நிமிஷம்

அக்கா பிறந்தது கல்லிடைக்குறிச்சியில். அப்பாவின் வேலை நிமித்தம் குடும்பம் திருவனந்தபுரம் கோட்டைக்குள் வந்தபோது அவருக்கு ஆறு வயது. நான் அப்போது பிறக்கவில்லை. வீடு நிம்மதியாக இருந்ததாகக் கேள்வி. அப்பா காலமானபோது நான் மூன்றாம் வகுப்பு. அக்கா அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, என்னையும் பட்டதாரியாக்கினார். அதற்குள் அவருக்கு வரன் பார்த்தவர்கள் ஓய்ந்துபோயிருந்தார்கள். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். முதல் வாசகி அக்கா. முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. "எழுத்துப்பிழை இல்லே" என்பதே உச்சபட்சப் பாராட்டு.

போன வருஷம் ஆவணியில் ஒரு ஏகாதசி. காலையில் என் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். வலக்கையிலிருந்து தாள் நழுவியது. ஏதோ சொன்னார், குழறியது. "எந்த இடத்துலக்கா சிரிப்பு வந்தது?" என்று ஆவலாகக் கேட்டேன். முப்பது வருஷம் காத்திருந்தவன் அல்லவா.

பத்து நிமிஷத்தில் எல்லாம் நேராகிவிட்டது.

"கை மரத்துப்போச்சுடா. நாக்கும் புரளலே" என்றார்.

அப்போதுதான் பயந்தேன். "ஆட்டோ கூப்பிடறேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா."

"சாரமில்லே, ஒண்ணும் ஆகலே. ஏகாதசிப் பட்டினி. நாளைக்குப் பாரணை பண்ணினா சரியாயிடும். நீ கட்டுரை எழுதறதோட நிறுத்திக்கோ, வைத்தியம் பண்ணாதே."

நிறுத்திக்கொண்டேன். மறுநாள் நெல்லிக்காயும் அகத்திக்கீரையுமாக விரதம் முடித்தார். நன்றாகவே இருந்தார். நான்காம் நாள், குளித்துவிட்டு வந்தவர் விழுந்தார். இம்முறை எதுவும் நேராகவில்லை. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் பேசாமலே கிடந்து, போய்ச்சேர்ந்தார்.

"ஏகாதசி அன்னைக்கே வந்திருக்கணும், கேட்டோ" என்றார் மலையாளியான டாக்டரம்மா. "மூளைக்குப் போற ரத்தக்குழாய் கொஞ்ச நேரம் அடைச்சுத் தானே திறந்திருக்கு. பின்னாடியே பெரிசு வரலாம். அதைத் தடுக்கக் கிடைக்கிற நேரம் அதுதான். சரியாயிட்டாலும் உடனே வரணும், சார்."

ஆகவே, வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, அது நின்றுவிட்டாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விரதத்தின்மேல் பழி போடாதீர்கள்.

முறைபோட்டு என்னோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களுக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்து நின்ற உறவினர்களுக்கும் என் வணக்கம். இப்போது வீட்டில் நான் ஒருவன். சில நாள் மாலைவரை வாய் திறக்க நேர்வதில்லை. பேச்சு குழறினாலும் தெரியப்போவதில்லை. ஆகவே போன் செய்கிறவர்கள், "சாப்பிட்டியா" என்று கேட்டதும் வைத்துவிடாமல், நான் இரண்டு வாக்கியமாவது பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கும்படி வேண்டுகிறேன்.