சாம்பலில் வரைந்த டாக்கா

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டபோது, பாக்கியமேரி இண்டூருக்குப் பக்கத்தில் குப்புராஜின் கரும்பாலையில் அடுப்பெரித்துக்கொண்டிருந்தாள். கொப்பரையில் சாறு காய்ந்து பாகாகும்வரை கீழே சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தீ குறைந்தால் வெல்லம் இறுகாது, கூடினால் கருகிப்போகும். கணவன் சின்னப்பன் செத்துப்போனதிலிருந்து அதுதான் பிழைப்பு. ஒரே மகன் சவரி பட்டாளத்தில் இருந்தான்.

குப்புராஜ் தங்கமான மனுஷர்தான். சின்னப்பனுக்கு உயிர்ச் சிநேகிதர். ஆனால் கையில் ஒரு டிரான்சிஸ்டர் வந்ததும் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆலைக் கொட்டகை மூங்கிலில் அதை மாட்டினார். செய்தி நேரத்துக்கு ஊரே கூடிவிடும். ஓசியில் கருப்பஞ்சாறு வேறு கிடைக்கிறதே! செய்தி முடிந்ததும் இங்கே யுத்தம் தொடங்கும். அடுப்பிலிருந்து வாரிய சாம்பலைத் தரையில் பரப்பி, கரும்புத் துண்டால் கோடு இழுப்பார். வளைந்து போவது ஆறு. நடுவில் ஒரு வெல்லக்கட்டி வைத்தால் அது கிழக்குப் பாகிஸ்தானின் டாக்கா.

"நேராப் போயி டாக்காவ அமுக்கணும். சோலி முடிஞ்சிது."

"நீங்க ஒண்ணு மாமா," என்பான் பச்சியப்பன். பஸ் கண்டக்டர், நாலு ஊர் பார்த்தவன் என்ற மிதப்பு அவனுக்கு. "குறுக்க அம்மாம்பெரிய ஆறு கெடக்குது. அமெரிக்காக்காரன் கப்பலு வேற கெளம்பிருச்சு. மொதல்ல மேக்க முடிக்கணும்."

"ஆத்தத் தாண்டறதுல ஆயிரம் பேரு போனாத்தான் என்னடா? சண்டைன்னா சும்மாவா?"

அந்த ஆயிரத்தில் ஒருவனைப் பெற்றவள் பக்கத்தில் குனிந்து சக்கை தள்ளிக்கொண்டிருக்கிறாள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. வீரம் பேசும்போது யாருக்குத்தான் அக்கம்பக்கம் தெரிகிறது?

ஒருநாள் மாலை மனம் தாங்காமல் கேட்டுவிட்டாள்.

"ஏங்கண்ணா, நம்ம சவரி எந்தப் பக்கம் இருக்கானுங்க?"

பட்டாளத்து விலாசத்தில் நம்பர் இருக்குமே தவிர ஊர் இருக்காது.

"கெழக்கதான் தங்கச்சி இருப்பான். அங்கதான் நாம ஜெயிச்சிக்கிட்டே போறோம்," என்றார் குப்புராஜ்.

"இல்லீங்கக்கா, மேக்கதான். அங்கதான் இன்னும் பெரிய சண்டை இல்ல," என்றான் பச்சியப்பன்.

இரண்டு பேரும் அவளுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் விட்டுக்கொடுக்கிற ஜென்மமா அதுகள்? அதுவும் வாக்குவாதமாகி, சவரியைக் கிழக்கே கொண்டுபோவதும் மேற்கே இழுத்து வருவதுமாக இருட்டும்வரை மல்லுக்கட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. காலையில் ஆலையைக் கூட்டும்போது மட்டும் அந்தச் சாம்பலின் மேல் கால் படாமல் ஓரமாக நின்று கூட்டுவாள். மகன் எந்தக் கோட்டுக்குள் இருக்கிறானோ, யார் கண்டது. உடம்பு அடுப்பால் ஓய்ந்தது பாதி, இந்தப் பேச்சால் ஓய்ந்தது பாதி.

பாகிஸ்தான்காரர்கள் டாக்காவில் சரணடைந்த அன்று கொப்பரை சீக்கிரமே இறங்கிவிட்டது. பாக்கியமேரி தன் துண்டுக் காட்டில் அவரைக்காய் பறிக்கப் போயிருந்தாள். சாயங்காலம் செய்தியைக் கேட்ட குப்புராஜுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கெல்லாம் தெரிய வேண்டும், வேட்டு வாங்கத் தருமபுரிக்குத்தான் போக வேண்டும். சட்டென்று மாதா கோயில் மணி ஞாபகம் வந்தது. ஓடினார். மணியடிக்கிற உபதேசியார் வெளியூர் போயிருந்தார். கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

திருநாளென்றால் அந்த மணியை விடாமல் படபடவென்று அடிப்பார்கள். சாவென்றால் ஓர் அடி அடித்து, ஓசை முழுக்க அடங்கிய பிறகுதான் அடுத்த அடி. கோயில் பிள்ளைகளுக்கு இது தாய்ப்பாலோடு வந்த சங்கதி. குப்புராஜ் வேறு கோயில்காரர். அந்தக் கயிற்றடியில் அவர் நின்றது ஒரே ஒரு தடவை, சின்னப்பனை அடக்கம் செய்த அன்றைக்கு. மணியென்றால் இப்படித்தான் அடிக்க வேண்டும் போலிருக்கிறது என்று அன்று பார்த்ததை வைத்து, பயபக்தியோடு ஒவ்வொன்றாக அடித்தார்.

காட்டில் அவளுக்குக் கேட்டது.

ஊரில் படுத்த படுக்கையாக யாருமில்லை. அப்படியென்றால் சவரிதான்; தந்தி பங்குச் சாமியாருக்கு வந்திருக்க வேண்டும். மடியிலிருந்த அவரைக்காய் சிதற, அங்கேயே முட்டி போட்டாள். பரலோக மந்திரம் வாயில் வரவில்லை. மனசுக்குள்ளேயே பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள், கையைக் கட்டினாள், எந்த ஊர் மண்ணென்றே தெரியாத ஒரு குழியில் இறக்கினாள், மண் தள்ளினாள். எல்லாம் அந்த அவரைக் கொடிக்கு நடுவே. பெற்ற வயிறு என்னென்ன அழுமோ அத்தனையும் அழுதாள். பிறகு எழுந்து கோயிலுக்கு நடந்தாள்.

குப்புராஜ் வேர்த்து வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சிட்டோம் தங்கச்சி! டாக்கா வுழுந்துருச்சு!"

"மணி யாருக்குங்கண்ணா?"

"யாருக்கா? நாட்டுக்கே அடிக்கறேன்!"

அதற்குள் உபதேசியார் பெண்சாதி இசபெல்லா பதறி ஓடிவந்து கயிற்றைப் பிடுங்கினாள். "என்ன காரியம் பண்ணீங்க! இது சாவு மணிங்க!" குப்புராஜுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாக்கியமேரி அவரைத் திட்டவில்லை. "வுடுங்கண்ணா, தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள். வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் மறுநாள் உச்சிவரை எழவில்லை.

பிப்ரவரியில் சவரி லீவில் வந்தான். அவன் இருந்தது கிழக்குமில்லை, மேற்குமில்லை. எங்கோ ஒரு ரயில் நிலையத்தில் ராணுவ வண்டிகளுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தானாம். ஆலைக்காரர்களுக்கு முகமே தொங்கிவிட்டது.

களியைப் பிட்டுக்கொண்டே அவன் அம்மாவைக் கேட்டான்.

"என்னம்மா, வந்ததுலருந்து ஒரு சொட்டு அழுவல? மத்த வூட்டுலெல்லாம் கட்டிப்புடிச்சு அழுவறாங்களாம்."

"உன்னையப் பொதைச்சு அழுதாச்சுடா சாமி," என்று அவள் இன்னொரு உருண்டை வைத்தாள். "மணிக் கதைய ஊர்ல யாராச்சும் சொல்லுவாங்க, கேட்டுக்க. ஒண்ணே ஒண்ணு. திரும்பிப் போற அன்னிக்கு எங்கிட்டச் சொல்லாத. நான் காட்டுல இருக்கறப்போ கெளம்பிரு. இன்னொருக்கா என்னால ஆவாது."

அவன் சிரிக்கப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் அவன் எத்தனையோ லீவுக்கு வந்து போனான். ஒரு தடவையும் சொல்லிக்கொண்டு போகவில்லை. லீவு முடிகிற நாட்களில் அவளும் இருட்டிய பிறகுதான் காட்டிலிருந்து வீடு திரும்புவாள்.